மஞ்சள் புத்தகத்தில் அக்காவின் கையெழுத்து

கப்பலிலிருந்து
பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் சுகம். நீ, அத்தான், அம்மா மூவரும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா? மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்கிறாளா, விழுங்குகிறாளா என்று பார்த்துக்கொள்.

கிளம்பி ஒன்பது நாள் ஆகிறது. முதல் நாலு நாள் குடலே வாய்க்கு வந்துவிட்டது. ஐந்தாம் நாள் எழுந்து, குளிர் அறை மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்தேன். மூன்று வருஷம் சும்மா உட்கார்ந்திருந்த கை இது. ஸ்க்ரூடிரைவரைப் பிடித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. "எலெக்ட்ரீஷியன் தேறிடுவான்" என்று தலைமை என்ஜினீயர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன்.

இங்கே சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். தலைவலி, கால்வலி, வீட்டு நினைப்பு, எது வந்தாலும் "வெந்நீர் குடி, சரியாப் போயிடும்" என்பார். எல்லாருக்கும் அவர் வெந்நீர் அண்ணன்தான். எனக்கும்.

ஏறும்போது படிக்கட்டில் நின்ற அதிகாரி என் மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கினார். நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் உன் கையெழுத்தைப் பார்த்தார். "நம்ம நர்ஸம்மா போட்ட ஊசியா? அப்ப சரி, ஏறு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

முதல் துறைமுகம் இன்னும் நாலு நாளில். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி


வீட்டிலிருந்து
பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதம் நேற்று கிடைத்தது. அம்மா மாத்திரையை விழுங்குகிறாள், நான் எதிரே நின்றால். அத்தானுக்குக் கிரேன் வேலை ஓய்வில்லாமல் போகிறது. நாங்கள் நலம். உன் உடம்புதான் என் கவலை.

கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் வழியாக, பல கை மாறி வரும் கடிதம் இது. எழுதவே கூடாதுதான். ஆனால் எழுதாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படித்ததும் கிழித்துக் கடலில் போடு.

அந்தச் செவ்வாய்க்கிழமை உனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். காய்ச்சலோடு மஞ்சள் காய்ச்சல் ஊசி போடக் கூடாது என்று நான்தான் உன்னைத் திருப்பி அனுப்பினேன். மருந்துக் குப்பியைத் திறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பேருக்குப் போட்டுத் தீர்க்க வேண்டும் என்பதால் வாரத்தில் ஒரே நாள்தான் திறப்போம். வியாழக்கிழமை உன் கப்பல். அதோடு, ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் புத்தகம் செல்லும். எந்தக் கணக்கிலும் நீ ஏற முடியாது. நீ சமையலறை வாசலில் நின்று, "அக்கா, இந்தக் கப்பலும் போச்சுன்னா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாய். நான் பதினான்கு நாள் முன்தேதி போட்டு, போடாத ஊசியைப் போட்டதாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். பதினோரு வருஷத்தில் அப்படி எழுதியது அந்த ஒரு வரிதான்.

முதல் துறைமுகத்திலேயே ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று என் தலையில் கை வைக்காத குறையாகச் சொன்னாய். இந்தக் கடிதம் கிடைக்கும்போது போட்டிருப்பாய் என்று நம்புகிறேன். போட்ட தேதியை மட்டும் எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அக்கா


கப்பலிலிருந்து
மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் இரண்டாவது துறைமுகத்தில்தான் கையில் வந்தது. சொன்னபடி கிழித்துப் போட்டுவிட்டேன்.

வேலை அதிகம், அதனால்தான் தாமதம். ஒரு மோட்டார் சரியானால் அடுத்தது படுத்துக்கொள்கிறது. மேல்தட்டு விளக்குகளில் உப்பு ஏறி ஒயர் எல்லாம் பச்சை பூத்துவிட்டது. வெந்நீர் அண்ணன் தினமும் எனக்கென்று ஒரு பிடி சோறு அதிகம் வைக்கிறார். போன வாரம் கேப்டனே பல்வலி என்று சமையலறைக்கு வந்தார். அண்ணன் வாயைத் திறக்குமுன், "வெந்நீர்தானே? கொடு" என்றார். நாங்கள் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒளிந்துகொண்டு சிரித்தோம்.

முதல் துறைமுகம் பெரியது. நாலு மணி நேரம்தான் இறங்க விட்டார்கள். வீதியெல்லாம் ஒரே கூட்டம். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினேன். நிறம் பழுப்பா, சிவப்பா என்று கடை வெளிச்சத்தில் தெரியவில்லை. வந்து பார்த்தால் இரண்டும் இல்லை.

நீ கேட்டதை மறக்கவில்லை. கவலைப்படாதே.

அன்புடன்,
தம்பி


அலுவலகத்திலிருந்து
ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை. மன்னித்துக்கொள்.

இன்று காலை சுகாதார அலுவலகப் பலகையில் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். நோய் கண்ட துறைமுகங்களின் பட்டியல். ஒட்டியதே நான்தான். பசை தடவி, மேல் மூலையை அழுத்தும்போது மூன்றாவது வரியைப் படித்தேன். உன் கப்பல் அடுத்து நிற்கப்போகும் துறைமுகம். அங்கே முப்பத்தொரு பேருக்கு மஞ்சள் காய்ச்சல். அதில் பதினான்கு பேர் இறந்துவிட்டார்கள்.

அங்கிருந்து வரும் கப்பலைக் கரைக்கு விடாமல் வெளி நங்கூரத்திலேயே நிறுத்துவோம். டாக்டர் ஏறி ஒவ்வொருவர் புத்தகத்தையும் பார்ப்பார். புத்தகம் செல்லுபடியானால் கரை இறங்கலாம். இல்லாதவர்கள் ஆறு நாள் கொசுவலை அடித்த அறையில் இருக்க வேண்டும். இந்த நோயை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோவது கொசு. காய்ச்சல் தெரிய மூன்றிலிருந்து ஆறு நாள் ஆகும். அதற்குத்தான் அந்த ஆறு நாள். இதை நான் நூறு மாலுமிகளுக்கு ஒப்பித்திருக்கிறேன். உன்னிடம் ஒப்பிக்க வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

நம் வீட்டுப் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டில் தண்ணீர்த் தொட்டி, கிரேனடியில் மழைநீர் தேங்கிய குழி. கொசுவுக்கு இங்கே குறைவில்லை. நோய் மட்டும்தான் இதுவரை இல்லை.

நீ சால்வை வாங்கின நாலு மணி நேரத்தில் ஊசிக்கு ஐந்து நிமிஷம் போதும். போட்டாயா? அங்கே போய்ச் சேர்வதற்குள்ளாவது போட்டுக்கொள்.

அக்கா


கப்பலிலிருந்து
மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ கோபமாக எழுதினாலும் உன் கையெழுத்தைப் பார்த்தது சந்தோஷம். அம்மாவையும் அத்தானையும் விசாரித்ததாகச் சொல்.

நீ சொன்ன துறைமுகத்தில்தான் பன்னிரண்டு நாளாக நிற்கிறோம். சரக்கு ஏற்ற ஆளே வருவதில்லை. கரையில் பாதிக் கடை மூடியிருக்கிறது. திறந்த கடையிலும் ஆட்கள் குசுகுசுவென்றுதான் பேசுகிறார்கள். என்ஜினுக்கு எண்ணெய் போடும் எங்கள் எண்ணெய்க்காரர் ஒருவர் கால் உடைந்து இறங்கிவிட்டார். அவருக்குப் பதில் இந்த ஊர் ஆள் ஒருவர் ஏறியிருக்கிறார். ஒல்லி. வாய் நிறையச் சிரிப்பு. அவருடைய பாஷை எனக்குப் புரியாது, என் பாஷை அவருக்குப் புரியாது. ஆனால் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

என்ஜின் அறைக்கு மேலே திறந்த பீப்பாய்களில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். அதில் கொசுப்புழு நெளிகிறது. மூடச் சொன்னேன். "உன் வேலை ஒயர்தானே" என்றார்கள்.

ஊசி விஷயம். துறைமுக வாசலிலேயே மேசை போட்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் போடுகிறார்கள். நானும் போய் வரிசையில் நின்றேன். எல்லாம் சரியாகிவிட்டது. இனி அதைப் பற்றி எழுத வேண்டாம்.

நாளை கிளம்புகிறோம். வழியில் எண்ணெய் நிரப்ப ஒரே ஓர் இடம். பிறகு நேரே நம் துறைமுகம்தான்.

அன்புடன்,
தம்பி


வீட்டிலிருந்து
மே 14

தம்பி,

எல்லாரும் நலம்.

வரிசையில் நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி இல்லை. அதைத் திருப்பித் திருப்பித் தேடிப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் எண்ணெய் நிரப்பும் இடத்துக்கு இதை அனுப்புகிறேன். ஒரே வார்த்தை போதும். தந்தியாகக் கொடு.

போட்டாயா?

அக்கா


வெளி நங்கூரத்திலிருந்து
ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கிருந்து பார்த்தால் அத்தானின் கிரேன் தெரிகிறது. நாலு மைல் இருக்குமா? வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. அம்மாவிடம் நான் வந்துவிட்டதை இன்னும் சொல்லாதே. நேரே வாசலில் போய் நிற்க வேண்டும்.

ஒரு துக்கம். அந்த ஒல்லி எண்ணெய்க்காரர் போய்விட்டார். கிளம்பி ஐந்தாம் நாள் காய்ச்சல். கண்ணெல்லாம் மஞ்சள். கடைசியில் கறுப்பாக வாந்தி. வெந்நீர் அண்ணன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெந்நீர் என்ற பேச்சே எடுக்கவில்லை. கப்பலில் டாக்டர் கிடையாது. கேப்டன் வைத்தியப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார். பதினோராம் நாள் காலையில் கித்தானில் சுற்றிக் கடலில் இறக்கினோம். அவர் வீட்டில் யார் யார் என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. அவ்வளவு பேசினோம், அது மட்டும் புரியாமலே போயிற்று.

இப்போது மூன்று நாளாக, மேல்தட்டில் வேலை செய்யும் டெக் ஆள் ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். புத்தகத்தை எங்கோ தொலைத்தவர். கப்பலில் நோய் என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றி நிற்கிறோம். நாளை மறுநாள் காலை டாக்டர் வந்து புத்தகம் பார்ப்பாராம். புத்தகம் சரியாக இருப்பவர்களை அன்று சாயங்காலமே கரைக்கு விடுவார்களாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன் அக்கா. ஒரு தம்ளர் டீ போட்டு வை.

உன் தம்பி


அலுவலகத்திலிருந்து
ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

லாஞ்சுப் படகுக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன். வீட்டில் நலம்.

எண்ணெய்க்காரர் செய்தி படித்து மனசு கனத்துப்போயிற்று.

தூங்கும்போது வலையை ஓரம் செருகிக்கொள். முழுக்கைச் சட்டை போடு. நாளை டாக்டர் வருவார். நான் லாஞ்சில் வரவில்லை. அவர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டால், கேள்வி கேட்காமல் கூப்பிட்ட இடத்துக்குப் போ. அவர் நல்லவர்.

தலைவலி, முதுகுவலி எது வந்தாலும் உடனே சொல்லிவிடு. மறைக்காதே.

அக்கா


தனிமை வார்டிலிருந்து
ஜூன் 12

அக்கா,

நான் வீட்டுக்கு வராதது உனக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் ஏறினார். பத்தொன்பது பேரில் புத்தகம் உள்ள பதினெட்டுப் பேரும் அதை மேசைமேல் வரிசையாக வைத்தோம். மற்றவர்களுடையதைப் புரட்டிப் பார்த்தார். என்னுடையதைத் திறக்கக்கூட இல்லை. "நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்றார். பதினேழு பேர் கரைக்குப் போனார்கள். நானும் காய்ச்சல்காரரும் வலைக்குள்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் விஷயம் கப்பலில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். எண்ணெய்க்காரர் செத்த அன்று மனசு தாங்காமல் வெந்நீர் அண்ணனிடம் கொட்டிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டு, "டாக்டர் வந்தா நீயே சொல்லிடு" என்றார். நான் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அவரே போய்ச் சொல்லிவிட்டார். இறங்கும்போது வலைப்பக்கம் வந்து கையசைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சோறு போட்ட கையாலேயே கழுத்தை நெரிச்சிட்டீங்களே" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். மனுஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதனால் உனக்கு ஏதும் வந்துவிடுமோ என்றுதான் பயம். டாக்டரிடம் நான் உன் பெயரை எடுக்கவில்லை.

வலைக்குள் காற்றே இல்லை. அதனால்தான் காலையிலிருந்து தலை விண்விண்ணென்று தெறிக்கிறது.

தம்பி


வீட்டிலிருந்து
ஜூன் 13

தம்பி,

முதலில் தலைவலியை நர்ஸிடம் சொல். இப்போதே சொல். சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

வெந்நீர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் பத்தாம் தேதி காலை லாஞ்சுக்காரர் கொண்டுவந்தார். "டீ போட்டு வை" என்று எழுதியிருந்தாய். போட்டாயா என்ற கேள்விக்கு அதுதான் பதில் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாழ்வாரத்தில் நாலு தடவை நடந்தேன். மருந்து அலமாரியைத் திறந்தேன், மூடினேன். பிறகு டாக்டர் அறைக்குள் போனேன்.

"சார், நாளைக்கு நீங்க பார்க்கப் போற கப்பல்ல ஒரு புத்தகம் பொய்."

"யாருது?"

"எலெக்ட்ரீஷியன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினது நான்தான் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப் பிறந்த தம்பி."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. "நாலு மாசம் முன்னாடி வந்து சொல்லியிருக்கணும்மா" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

பதினோராம் தேதியிலிருந்து என்னை வேலையிலிருந்து தற்காலிகமாக விலக்கி வைத்திருக்கிறார்கள். விசாரணை வரும். நேற்று அத்தானிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அத்தான் சாப்பிடாமல் எழுந்து போனார். அம்மா என்னிடம் பேசவில்லை. உன்னைக் காட்டிக்கொடுத்ததற்கா, பொய் எழுதியதற்கா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

என்னிடம் முதலில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். கேட்டேன் தம்பி. மூன்று கடிதத்தில் கேட்டேன்.

வார்டு வாசல்வரை வந்தேன். எனக்கு இப்போது அங்கே அனுமதி இல்லையாம். பதினோரு வருஷமாக நான் போய்வந்த அதே வாசல்தான். இனி தினமும் வெளியே வேப்பமரத்தடியில் வந்து நிற்பேன். ஜன்னல் பக்கம் வர முடிந்தால் வா.

அக்கா


தனிமை வார்டிலிருந்து
ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

பேனா பிடிக்க இன்றுதான் கை ஒத்துழைக்கிறது. எழுத்து கோணினால் கோணட்டும்.

உன் கடிதத்தை நர்ஸ்தான் படித்துக்காட்டினார். முதல் இரண்டு வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். மீதியை மூன்று வாரம் கழித்துத்தான் கேட்டேன். நடுவில் நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. கண் மஞ்சளாகி, மூக்கில் ரத்தம் வந்து, ஒன்பது நாள் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தேனாம். பக்கத்துக் கட்டில் டெக் ஆள் போய்விட்டார். நான் எழுந்துவிட்டேன். ஏன் அவர், ஏன் நான் என்று டாக்டரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

கேட்டதும் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஒரு வாரம் சுவர்ப்பக்கமே திரும்பிப் படுத்திருந்தேன். நீ மரத்தடியில் நிற்பதாக நர்ஸ் தினமும் வந்து சொல்வார். கேட்காததுபோல் இருந்தேன். பிறகு ஒருநாள் படுத்துக்கொண்டே யோசித்தேன். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்திருந்தால், பின்கட்டில், அந்தத் தண்ணீர்த் தொட்டியோரம், அம்மா பக்கத்தில்தான் பாய் போட்டிருப்பேன்.

நீ கேட்ட வரியை இப்போது எழுதுகிறேன். முதல் துறைமுகத்தில் நான் போகவில்லை. ஊர் பார்க்கும் ஆசை, அவ்வளவுதான். அதற்கு வேறு காரணம் சொன்னால் பொய். நோய் வந்த துறைமுகத்தில் நிஜமாகவே வரிசையில் நின்றேன். மேசையில் இருந்தவர் புத்தகத்தைக் கேட்டார். பார்த்துவிட்டு, "உனக்குத்தான் போட்டாச்சே, எதுக்கு நிக்கிறே? நகரு, அடுத்த ஆள் வரட்டும்" என்றார். போடவில்லை என்று சொன்னால் நீ மாட்டுவாய். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், ஆனால் புத்தகம் அவர் கையில் இருந்தது. நகர்ந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்ற ஆளுக்குப் போட்டார்கள்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிடுவார்கள். நான் சொல்லப்போவது இதுதான்: உன் அலமாரியிலிருந்து புத்தகத்தையும் முத்திரையையும் திருடி, உன் கையெழுத்தை நானே போட்டேன். நீயும் அப்படியே சொல். எனக்குக் கப்பல் போனால் போகட்டும், உன் வேலை தப்பும்.

வெந்நீர் அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். பதில் இல்லை.

தம்பி


வீட்டிலிருந்து
ஆகஸ்ட் 16

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பு தேறிவருவதை டாக்டர் சொன்னார். அம்மா தினம் இரண்டு வேளை உன் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறாள். என்னோடும் பேச ஆரம்பித்துவிட்டாள். முதலில் பேசியது, "மாத்திரையை எங்கே வச்சே?" என்றுதான்.

நேற்று விசாரணை முடிந்தது. நீ சொன்னபடி சொல்லவில்லை. இன்னொரு பொய்யை எழுதி அதில் நீ கையெழுத்துப் போட வேண்டாம். எழுதினது நான், தேதியை மாற்றினது நான், கேட்டது தம்பி, கொடுத்தது நான் என்று சொன்னேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "கப்பல்ல இருந்தது உங்க தம்பியா இல்லாம வேற யாராவதா இருந்தா, வந்து சொல்லியிருப்பீங்களா?" நான், "வேற யாராவதா இருந்தா எழுதியே இருக்க மாட்டேன் சார்" என்றேன். அதை அவர் குறித்துக்கொண்டார்.

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். உன் கடல் அனுமதியை மூன்று மாதம் நிறுத்திவைக்கிறார்கள். ஊரில் இதுவரை ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. கப்பல் பீப்பாய்களைக் கவிழ்த்து மருந்து அடித்துவிட்டார்கள். தொட்டிகளை எல்லாம் மூடி போடச் சொல்லி வீடு வீடாக ஆள் வருகிறது.

வேலை போனது இல்லை தம்பி என்னை அரிப்பது. நான் ஊசி போட்ட ஆட்கள் கப்பல்களில் எங்கெங்கோ இருக்கிறார்கள். என் கையெழுத்துள்ள புத்தகம் எதையும் ஏற்க வேண்டாம் என்று எல்லாத் துறைமுகத்துக்கும் சுற்றறிக்கை போயிருக்கிறது. அவர்களுக்கெல்லாம் நிஜமாகத்தான் போட்டேன். செவ்வாய்க்கிழமைதோறும் பத்துப் பத்துப் பேராக நிற்கவைத்து, குலுக்கி, உறிஞ்சி, ஒவ்வொரு கையாகத் துடைத்துப் போட்டேன். யாரிடம் போய்ச் சொல்வேன்? அத்தானோடு வேலை பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். அவர் சொல்லவில்லை, முகத்தில் தெரிகிறது.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. நீ வீட்டுக்கு வா. நேரே வா.

அக்கா


கப்பலிலிருந்து
நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உடம்பில் பழைய பலம் பாதிக்குமேல் வந்துவிட்டது. அங்கே மூவரும் நலமாக இருக்க வேண்டும். வீட்டில் இருந்த இரண்டு மாதமும் நாம் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேரில் வராதது எனக்குக் கடிதத்தில்தான் வருகிறது.

புதுக் கப்பலில் எட்டாம் நாள் ஒரு துறைமுகம். அதிகாரி ஏறிப் புத்தகம் பார்த்தார். என்னிடம் டாக்டர் கொடுத்த கடிதம் இருந்தது: இந்த ஆளுக்கு மஞ்சள் காய்ச்சல் வந்து தேறிவிட்டது, இனி ஆயுசுக்கும் வராது என்று. என்னைப் போகச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற பெயிண்டரின் புத்தகத்தைத் திறந்தார். "இந்தக் கையெழுத்தா? ஓரமா நில்லு." அவருக்குப் பின்னால் டெக் ஆள் ஒருவர். "நீயும்."

பெயிண்டர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். "இந்தக் கையிலதான் சார் போட்டாங்க. ரெண்டு நாள் தூக்க முடியலை. போடாத ஊசி வலிக்குமா?"

"எனக்கு வந்திருக்கிற உத்தரவு இதுதான்" என்றார் அதிகாரி. கரையோரம் வலை அடித்த ஒரு தகரக் கொட்டகையில் இருவரையும் ஆறு நாளைக்கு விட்டார்கள்.

எனக்குக் கரை இறங்க அனுமதி இருந்தது. படிக்கட்டு வரை போனேன். திரும்பிக் கொட்டகைக்குப் போய் வலைக்கு வெளியே நின்றேன். பெயிண்டர் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். எழுத முடியாத திட்டு.

"அந்த நர்ஸ் என் அக்கா" என்றேன். "ஊசி போடாம எழுதினது எனக்கு ஒருத்தனுக்குத்தான். உங்க ரெண்டு பேருக்கும் நிஜமாவே போட்டிருக்காங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அது நீதானா?"

"நான்தான்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். டெக் ஆள் மட்டும், "உங்க அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லாப் போடுவாங்க. வலிக்கிறதே தெரியாது" என்றார். பெயிண்டரைப் பார்த்துவிட்டு, "எனக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் அவர்கள் சாப்பாட்டை நானே கொண்டுபோனேன். அந்த ஊர் அதிகாரியிடம் உன் விஷயத்தை முழுக்கச் சொல்லி, அவர் எழுதிக்கொள்ளும்வரை மேசையை விட்டு நகரவில்லை. மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். அனுப்புவாரா தெரியாது. இனி ஒவ்வொரு துறைமுகத்திலும் சொல்லப்போகிறேன்.

மூன்று நாள் பெயிண்டர் தட்டை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாலாம் நாள் மத்தியானம் வலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் போட்டுக்கொண்டு, "நாளைக்கு உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லு" என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

உன் தம்பி